கயிறில்லாத எருமை

"உங்கப்பா வரையிற எருமைக்கு ஏன் மூக்கணாங்கயிறே இல்ல?" என்று பள்ளியில் ஒருத்தி கேட்டாள். எங்கள் ஓவிய மரபில் அது பதவியை உதறியவனின் விடுதலை. இப்போது குமாஸ்தா பெங் அந்த எருமை ஓவியத்தின் முன் தலையில் அடித்துக்கொள்கிறார். "லுவோ அண்ணே, இது எங்க அதிகாரியோட பிறந்தநாளுக்கு. பதவிய விட்டுட்டுப் போய்யான்னு நான் சொல்றதா அவரு நெனச்சா என் வேலை போச்சு. ஒரு கயிறு போடுங்க." "கயிறு கடைத்தெருவுல கிடைக்கும்," என்கிறார் அப்பா. காலையிலிருந்து இதே பேச்சு. கால்வாய் நீரில் பட்ட வெயில் கூரையில் நெளிகிறது. அப்பாவுக்காக மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரசி உரசி என் மணிக்கட்டு வலிக்கிறது. பொறுக்க முடியாமல் தூரிகையை எடுத்து எருமையின் மூக்கிலிருந்து ஒரே இழுப்பில் கயிற்றை வரைகிறேன். பெங் நிம்மதியாக மூச்சு விடுகிறார். அப்பா ஈரம் உலரும்வரை அந்தக் கயிற்றையே பார்க்கிறார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறார்.