ஒழுங்கு நடவடிக்கை

“இருமினது யாரு?”

பக்தவச்சலம் சார் கேட்டதும் கெமிஸ்ட்ரி லேப் கப்சிப் ஆனது. பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட்டுக்கொண்டிருந்த ராஜவேல் சட்டென்று பியூரெட்டை மூடினான்.

“நான்தான் சார். தொண்டை கரகரங்குது” என்றாள் பக்கத்து மேஜை சத்யப்ரியா.

“போன வாரமும் கரகரத்துச்சு. அதுக்கு முந்தின வாரமும் கரகரத்துச்சு. அதெப்படிம்மா, இவன் டைட்ரேஷன் முடியிற நேரம் பார்த்தே உனக்கு இருமல் வருது?”

பின்னாலிருந்து எவனோ, “லவ்வு சார்!” என்றான். லேப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. அந்த மனுஷன் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள்? லேப் கோட்டில் ஒரு பட்டன் இல்லையென்றாலும் வெளியே நிற்க வைக்கிற ஆள் ஆயிற்றே!

“லேப்ல சிக்னல் குடுக்கறதும் மால்பிராக்டிஸ்தான். ரூல் போர்டுல எழுதியிருக்குது, படிச்சதில்லையா? ராஜவேல், நாளைக்கு உங்கப்பா வரணும். நீயும் வந்து நில்லும்மா.”

லவ்வாம், லவ்வு! சத்யப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுங்களுக்கு என்ன தெரியும்?

விஷயம் இதுதான். ராஜவேலின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. டைட்ரேஷனில், குடுவையில் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். அவனுக்கோ அது வெறும் தண்ணீர். மரக்காணம் பஸ்ஸில் வரும்போது ஒருநாள் அழாத குறையாகச் சொன்னான்: “வெளியில சொல்லிடாத சத்யா. கலர் தெரியாதவனுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்குன்னு டி.சி. குடுத்துடுவாங்க.”

வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன். அனுப்பிவிட்டால் எங்கே போவான், பாவம்? அதனால்தான் குடுவை சிவந்ததும் இவள் இருமித் தொலைத்தாள்.

மறுநாள் ராஜவேலின் அப்பா ராஜாங்கம் வந்தார். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“சுனாமியில உப்பளமே பாழாப் போச்சு சார். இந்த சீசன்லதான் உப்பைக் கண்ணால பாக்கறோம். வாரிக்கிட்டிருந்ததை அப்படியே போட்டுட்டு ஓடியாறேன். என்னா பண்ணான் இவன்?”

சார் சொன்னார். ராஜாங்கம் மகனை ஒரு முறை முறைத்தார்.

“அளத்துலயும் இதே கதைதான் சார். எதுலயும் அக்கறை கிடையாது. பாத்தியில தண்ணி செவந்தா உப்பு வெளையப் போவுதுன்னு அர்த்தம். சின்னப் புள்ளைங்களே பாத்துச் சொல்லிடும். இவன் பாத்தியில நின்னுக்கிட்டே ‘எங்கப்பா செவந்திருக்குது?’ம்பான். அங்க லாயக்குப்பட மாட்டான்னுதான் படிக்க அனுப்பினேன். இங்கயும் மானத்தை வாங்கறான்!”

சத்யப்ரியா சட்டென்று சாரைப் பார்த்தாள். ஐயோ, இந்த மனுஷன் போட்டு உடைத்துவிட்டாரே!

ஆனால் சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “சரிங்க, நீங்க போய் வேலையைப் பாருங்க. ஒழுங்கு நடவடிக்கையை நான் பாத்துக்கறேன்.”

அப்பாடா, கவனிக்கவில்லை என்று மூச்சு விட்டாள்.

யுனிவர்சிட்டி பிராக்டிகல் எக்ஸாம் வந்தது. சத்யப்ரியாவைச் சுவர்ப்பக்கம் பார்த்த மேஜையில் தள்ளிவிட்டார்கள். எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே சீட்டு எடுத்தார்கள். எந்தச் சீட்டோ அந்த எக்ஸ்பெரிமென்ட். ராஜவேல் கையை நீட்டியதும் சார் டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“உனக்குச் சீட்டு கிடையாது. கடைசி மேஜைக்குப் போ. கண்டக்டிவிட்டி மீட்டர்.”

லேப்பே ‘ஐயோ’ என்றது. கரைசலில் கரண்ட் பாய்வதை அளக்கிற ஓட்டை மீட்டர் அது. முள் ஓர் இடத்தில் நிற்காது. ரீடிங் ரீடிங்காக எடுத்து, கிராஃப் போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் ஆளாளுக்கு வேண்டுதலே.

“அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் சார்?” என்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார்.

“லேப்ல சிக்னல் வச்சிக்கிட்டவன் சார். தண்டனை.”

பாவி மனுஷா, உனக்கு மனசாட்சியே இல்லையா! சத்யப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் டைட்ரேஷனை முடித்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

ராஜவேல் வந்தான், பல்லெல்லாம் தெரிய.

“சத்யா, முடிச்சிட்டேன்! கிராஃப்ல கோடு ரெண்டும் கரெக்டா வெட்டிக்கிச்சு!”

“அந்த மீட்டர்லயாடா?”

“முள்ளு ஆடுது, இல்லேங்கல. பொறுமையா பாத்தா நின்னுடுது. அதுல கலரே வராது சத்யா! கலர் காட்டற இண்டிகேட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெறும் நம்பர்தான்.”

“நல்ல வேளைடா! அந்தாளு உன்னைக் கவுக்கணும்னு பாத்தாரு. சாமி காப்பாத்திடுச்சு.”

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் செருமல் கேட்டது. பக்தவச்சலம் சார்! சத்யப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சார் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அதே கடுகடு முகம். அதே குரல்.

“என்ன ராஜவேல், தண்டனை இதோட முடிஞ்சிடுச்சுன்னு நினைப்பா? பைனல் இயர்லயும் உனக்குச் சீட்டு கிடையாது. கலர் வர்ற எக்ஸ்பெரிமென்ட் ஒண்ணைக்கூட உன்னைத் தொட விடமாட்டேன்!”