சிவப்புக் கார்

"குரு இருக்கான். நவநீதன் இருக்கான். சோபனா இருக்கா. உள்ள கவிப்பிரியா இருக்கா. பத்து முப்பத்தஞ்சு வரைக்கும் இதுல ஒரு தலை கொறையக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் அர்ச்சுனன்.

"பெரியம்மா எங்க பெரியப்பா?" என்றான் குரு.

"அவ தம்பி வூட்டுக்கு. கோவம். போவட்டும்."

மகளின் அறைக்கதவில் தொங்கிய பூட்டு புதுசு. நேற்றுதான் கடத்தூர் கடைத்தெருவில் வாங்கியது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

கவிப்பிரியாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மொரப்பூரில் பத்து முப்பத்தைந்துக்கு ரயில். ஆனால் அர்ச்சுனன், ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ரயில் போனால் வேலை போகும். வேலை போனால் மகள் வழிக்கு வருவாள். அவ்வளவுதான் அவர் திட்டம்.

காலையில் ஒரே ஒரு முறைதான் பூட்டைத் திறந்தார். மனைவி கலைமணி இட்லித் தட்டோடு உள்ளே போனாள். உள்ளே அம்மாவும் மகளும் அழுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து நீலச் சேலை வெளியே வந்தது. முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு, துணிப்பையோடு விடுவிடுவென்று தெருவில் இறங்கிப் போனது. அர்ச்சுனன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை போட்ட மறுநாள் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர் இருபத்தாறு வருடமாகக் காப்பாற்றி வரும் கௌரவம்.

தம்பி மகன்கள் குருவும் நவநீதனும் காவலுக்கு வந்தார்கள். அக்கா மகள் சோபனா கூப்பிடாமலே வந்தாள், ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

"சும்மா கதவையே மொறச்சிக்கிட்டு ஒக்காரப் போறீங்களா மாமா? அவ உள்ள சன்னல் கம்பிய அறுத்தா எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"கூப்புட்டுப் பாப்பேன்."

"அவதான் நேத்துல இருந்து உங்ககிட்டப் பேசறதே இல்லியே."

அர்ச்சுனன் யோசித்தார். சோபனா பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள்.

"இது அடாப்டரு. இந்தப் பெட்டியில ரெண்டு பேருதான் ஆட முடியும். இதச் சொருகினா நாலு பேரு ஆடலாம். ஒரு கண்ட்ரோலரு ஒயர மட்டும் நீட்டிக் கதவுக்கு அடியில உள்ள வுட்டுடறேன். இங்க தெரியற படம் அவ ரூம்ல இருக்கற பழைய டிவிலயும் தெரியும், அதுக்கும் ஒயரு இருக்குது. சிவப்புக் காரு அவளோடது. காரு ஓடுச்சின்னா ஆளு உள்ள இருக்குதுன்னு அர்த்தம். காமிரா வெச்ச மாதிரி."

"கெட்டிக்காரிடி நீ" என்றார் அர்ச்சுனன்.

நான்கு கார்கள் கிளம்பின. முதல் வளைவிலேயே சிவப்புக் கார், குருவின் பச்சைக் காரை இடித்துப் பள்ளத்தில் தள்ளியது.

"பெரியப்பா, இது அநியாயம்!"

"ஓட்டத் தெரியலன்னா பஸ்ல போடா" என்று சிரித்தார் அர்ச்சுனன்.

இரண்டாவது பந்தயத்தில் சிவப்புக் கார் நடுரோட்டில் நின்றது. அர்ச்சுனன் கை சட்டைப்பைக்குப் போனது.

"ஏய், ஏன் நின்னுச்சு? கவி! ஆத்தா கவி!"

அவர் எழுந்து கதவை எட்டுவதற்குள் சோபனா அடாப்டரைப் பிடுங்கி, ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து இடுக்கில் திணித்துச் சொருகினாள். கார் பாய்ந்தது.

"லூஸ் கான்டாக்ட்டு மாமா. எதுக்கு இப்பிடிப் பதர்றீங்க?"

"நம்பலாமா? ஆரன் அடிக்கச் சொல்லு."

சிவப்புக் கார் 'பாம் பாம்' என்றது. அர்ச்சுனன் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலியின் நுனியில்.

அதன்பிறகு கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நவநீதன் முந்தப் பார்த்தபோது அவன் தோளில் ஓர் இடி வைத்தார்.

"வுட்றாத சாமி! ஓடு! திரும்பிப் பாக்காத, ஓடு!"

ஏழாவது பந்தயத்திலும் சிவப்புக் கார்தான் முதலில் வந்தது. மணி பத்து இருபத்தைந்து. எந்தப் பஸ்ஸைப் பிடித்தாலும் இனி மொரப்பூர் போய்ச் சேர முடியாது. அர்ச்சுனனுக்கு மனசு நிறைந்திருந்தது.

"எம்பொண்ணு எதுக்கு இன்னும் உள்ள ஒக்காந்து ஆடணும்? வெளிய வரட்டும்."

சோபனா கையிலிருந்த கண்ட்ரோலர் நழுவியது. "மாமா, இன்னும் பத்தே நிமிசம்..."

"அட, போடி."

அவர் போன் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. பூட்டைத் திறந்து, சாவியோடு கொண்டியிலேயே மாட்டிவிட்டு, கைதட்டிக்கொண்டே உள்ளே போனார்.

"சபாஷ் சாமி! எங்கடி கத்துக்கிட்ட இத?"

"மத்தியானம் நீங்க மண்டிக்குப் போனப்பறம்தான், தெனமும்" என்றாள் கலைமணி.

மகளின் சுடிதாரில், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, சண்டைக்கு மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தார் அர்ச்சுனன். "நீ... தம்பி வூட்டுக்குப் போவல?"

"நான் எங்கியும் போவலீங்க. எஞ்சேலதான் மொரப்பூருக்குப் போயிருக்குது."

கண்ட்ரோலரை அவர் கையில் திணித்துவிட்டு அவள் எழுந்து வெளியே போனாள். கதவு சாத்தியது. புதுப் பூட்டு 'டக்' என்று விழுந்தது.