ஆதம்பாவா கட்டின வீடு

“உங்களுக்கு வோட்டுப் போடுறத்துக்கு முந்தி ஒரு கேள்வி இரிக்கி தம்பி” என்றாள் ஸகியா.

வாசலில் நின்ற வேட்பாளர் றம்ஸீன் சிரித்தார். பின்னால் துண்டுப்பிரசுரக் கட்டோடு ஏழெட்டுப் பேர். பக்கத்தில் குடையும் கையுமாக அவருடைய மாமனார் ஆதம்பாவா.

“கேளுங்க ராத்தா.”

“மேடைக்கு மேடை என்ன கதைக்கிறீங்க? பொம்புளப் புள்ளையப் பெத்தவங்கதான் ஊடு கட்டணும் எண்டது அநியாயம். நான் சபைக்குப் போனா ஊட்டுத் திட்டம் கொண்டுவருவன், மாப்பிள பொண்டாட்டி ரெண்டு பேருட பேருலயும் ஊடு குடுப்பன் எண்டு. சரிதானே?”

“ஓம், அதேதான்.”

“அப்ப நீங்க இரிக்கிற மேல்மாடி ஊடு ஆரு கட்டின?”

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோக்காரன்கூடப் பாட்டை நிறுத்திவிட்டான்.

ஸகியா கேட்டதில் தப்புச் சொல்ல முடியாது. மூத்தவள் பஸ்மினாவுக்கு மாப்பிள்ளை பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு முடிந்தால்தான் கல்யாணம். முற்றத்து மூலையில் அந்த வீடு கூரையில்லாமல் நிற்கிறது. உள்ளே கோழிகள் குடித்தனம் நடத்துகின்றன. எதிர்த்துப் போட்டியிடும் றிப்தியோ, தான் வென்றால் கல்யாணமாகாத குமர் இருக்கிற வீட்டுக்கெல்லாம் இருபத்தைந்து பேக் சீமெந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திட்டத்தை நம்புவதா, சீமெந்தை நம்புவதா என்று ஒரு கிழமையாக அவளுக்குத் தூக்கமில்லை.

றம்ஸீன் ஒருதரம் மாமனாரின் முகத்தைப் பார்த்தார்.

“மாமாதான் ராத்தா. அத்திவாரத்துல இருந்து மேல்மாடி வரைக்கும் மாமாட உழைப்பு.”

“பாத்தீங்களா! சீதன ஊட்டுல ஃபேனுக்குக் கீழ படுத்து எழும்பிக்கிட்டு, சீதனம் கூடாது எண்டு மைக்குல கதைக்கிறீங்க!”

சிரிப்பு வெடித்தது. றம்ஸீனோடு வந்தவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“நல்ல கேள்விதான் ராத்தா. என்னட்ட மறுமொழி இல்ல” என்று தானும் சிரித்தபடி ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு றம்ஸீன் நடந்தார். ஆதம்பாவா கூரையில்லாத வீட்டோரமாய் ஒருதரம் போய் நின்றுவிட்டு அவர் பின்னால் நடந்தார்.

“என்ன உம்மா, முகத்துக்கு நேரேயா கேக்கிற?” பஸ்மினா உள்ளேயிருந்து வந்தாள்.

“உனக்காகத்தான்டி கேட்டன். முடிஞ்சு. வோட்டு சீமெந்துக்குத்தான்.”

பத்து நிமிடத்தில் ஆதம்பாவா தனியாகத் திரும்பி வந்தார்.

“குடைய உட்டுட்டுப் போயிட்டன் புள்ள.”

குடை கூரையில்லாத வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தார். ஆனால் போகவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா நிக்கி?”

“ஒரு வருசத்துக்கு மேல காக்கா. உங்களப்போல எல்லாருக்கும் ஏலுமா?”

அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிட்டாள்; அதில் குத்தல் இல்லை. மகளுக்கு மேல்மாடியோடு வீடு கொடுத்தவர் என்று ஊரில் அவருக்குத் தனி மரியாதை. கல்யாண வீடுகளில் பலர் கூடி உண்ணும் முதல் சஹன் தட்டில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பதே அந்த வீட்டுக்காகத்தான்.

“என்ட ஊடும் நிண்டதுதான் புள்ள. அத்திவாரத்தோட.”

“பொறகு?”

“ரெண்டு போகம் வெள்ளாம தண்ணிக்குள்ள போயிட்டு. கல்யாணம் வேணாம், நீங்க வேற இடம் பாருங்க எண்டு மருமகனுக்குக் கத்தாருக்குக் கோல் எடுத்தன். ‘வேற இடம் என்னத்துக்கு மாமா, மேசனக் கூப்பிடுங்க’ எண்டாரு. நாலு வருசம் அவரு வெயிலுக்க நிண்டு உழைச்ச காசு. அத்திவாரத்துக்கு மேல என்ட கல்லு ஒண்டும் இல்ல.”

“அப்ப அது றம்ஸீன் தம்பி கட்டின ஊடா?”

“நான் கட்டினதெண்டு ஊருக்குச் சொல்லச் சொன்னதும் அவருதான். மாமா ஊருக்கு முன்னால தல குனியப்படாதாம். இப்பயும் பாத்தீங்கதானே? என்ட மூஞ்சப் பாத்துட்டுத்தான் மறுமொழி சொன்னாரு. நானும் கல்லுப்போல நிண்டன்.” குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “மைக்குல கதைக்கிறத அவரு செஞ்சு முடிச்சிட்டுத்தான் கதைக்காரு, புள்ள. வோட்டு உங்கட இஷ்டம். நான் சொன்னதெண்டு மட்டும் அவருக்குத் தெரியவேணாம், என்னோட கதைக்கமாட்டாரு.”

ஸகியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சற்றுமுன் கேட்ட அந்தச் சிரிப்பு இப்போதுதான் அவளுக்குச் சுட்டது.

ஆதம்பாவா வேலிக் கதவான படலையடிக்குத்தான் போயிருப்பார். பக்கத்து வீட்டு ஹாஜறா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“என்ன ஸகியா, நல்லாக் குடுத்தியாமே! அப்ப வோட்டு றிப்திக்குத்தானே?”

“இல்ல. றம்ஸீன் தம்பிக்கு.”

“அப்ப இருபத்தஞ்சு பேக்?”

“கோழி இன்னும் கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும்.”

“உனக்கென்ன விசரா? இப்பதானே அந்த மனிசன்ட மானத்த வாங்கின! அந்த ஊடு ஆரு கட்டின எண்டு ஊரே கேக்கக் கேட்டியே!”

படலையடியில் ஆதம்பாவாவின் கால்கள் நின்றுவிட்டன.

ஸகியா தெருவுக்கே கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

“ஆதம்பாவா காக்காதான் கட்டின. அத்திவாரத்துல இருந்து மேல்மாடி வரைக்கும்!”