பக்கத்து வீட்டுச் சுவர்

அந்தப் பழைய தெருவில் தையற்காரம்மாவின் வீட்டைத் தவிர எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். காலையில் இடிக்கும் இயந்திரத்தை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு அதிகாரி உள்ளே வந்தார்.

"எல்லாரும் போயாச்சு. உங்களுக்கு மட்டும் என்னம்மா பிடிவாதம்?"

"எங்க தாத்தா காலத்துலயும் இடிக்க வந்தாங்க சார். சுவத்தத் தட்டித் தட்டியே அடுத்தடுத்த வீட்டுக்காரங்கள எழுப்பி, தெருவே திரண்டு நின்னுச்சாம்."

சொன்னவள் பக்கச் சுவரை ஓங்கித் தட்டினாள். மறுபுறமிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

அதிகாரி ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கே செங்கல் குவியல்தான் கிடந்தது. தட்டும் சத்தம் வெற்று மண்ணின் மேல் வீடு வீடாக நகர்ந்துபோனது. பிறகு தெருக்கோடிவரை தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

இயந்திரத்தின் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

தையற்காரம்மா கொண்டையை முடிந்தபடி வாசலுக்கு வந்தாள். "இப்ப இடிங்க சார், பாப்போம்."