ஏழாம் நம்பர் பனியன்

பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் ஜெனிஷை வரவேற்றது செழியன்தான். பன்னிரண்டடி உயரத்தில், தொடையைத் தட்டியபடி, தலைக்கு மேல் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்தோடு.

போன வருஷம் இதே கம்பத்தில் ‘திருச்செங்கோட்டுச் சிங்கமே வருக’ என்று ஒரு பேனர் இருந்தது. அதே படம். கீழே, கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற அதே ஊர்ப் பிரமுகர்கள். தலைப்பை மாற்றியவர்கள் சிரிப்பை மாற்ற மறந்துவிட்டார்கள்.

மற்றபடி புதிதாகச் சேர்த்திருந்தது மறைவுத் தேதி ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஜெனிஷால் மறக்க முடியாது. கபடி லீக் கோப்பையை வாங்கிய கையோடு, டிவிக்காரர்கள் நீட்டிய மைக்கில் செழியன் சொன்ன நாள் அது. “அப்பா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. நான் ஒரு பையனை விரும்பறேன்.” யாரென்று கேட்டதற்கு மட்டும் சிரித்துவிட்டான்.

“தெரிஞ்ச பையனுங்களா?” என்று கேட்டார் டீக்கடை செல்லமுத்து.

“ஒரே டீமுங்க.” ரெய்டு வருபவனை மடக்க இருவரும் கைகோத்து நிற்கிற ஜோடி என்பதை ஜெனிஷ் சொல்லவில்லை.

“தங்கமான பையனுங்க. எவனோ ஒருத்தன் கெடுத்துப்போட்டான். அவன் மட்டும் எங்க கையில சிக்கோணும்…” டீயை ஆற்றிய வேகத்திலேயே அந்த எவனோ ஒருவனின் கதி தெரிந்தது. “சக்கரை பத்துங்களா, இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?”

“பத்துங்க.” ஜெனிஷின் நாக்கு வெந்துபோயிருந்தது.

“இன்னிக்குத்தான் காரியம். மொட்டை, பந்தி, படையல்னு அர்த்தநாரியண்ணன் ஒண்ணுலயும் கொறை வெக்கலீங்க. அதா, போர்வெல் லாரி நிக்குது பாருங்க, அதான் ஊடு.”

ஜெனிஷ் வந்தது ஒரே ஒரு பொருளுக்காக. செழியன் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் போட்டு ஆடிய நீலப் பனியன், ஏழாம் நம்பர். அதை வாங்காமல் திரும்புவதில்லை என்று சேலத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தான்.

பந்தலில் இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ரசத்தில் உப்புக் குறைந்ததை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே செழியனின் படத்துக்கு மாலை. படத்துக்கு முன்னால் வாழையிலையில் அவனுக்குப் பிடித்த நாட்டுக்கோழிக் குழம்பு. மொட்டைத் தலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் அப்பா அர்த்தநாரி.

“அப்பா… செழியனோட மொதப் பனியன், அந்த ஏழாம் நம்பர். அதை மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா?”

அவர் திரும்பினார். கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. “அவன் துணிமணி எல்லாத்தையும் காலைலயே தீயில போட்டாச்சு. எம்பையன் போயிட்டான். இனி அவம்பேச்சை எடுத்துக்கிட்டு எவனும் இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது. கெளம்பு.”

சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றிருந்த அம்மா வசந்தாமணி, ஜெனிஷின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் மகனின் கையை இறுக்கிப் பிடித்திருந்த கை.

ஜெனிஷ் வெறுங்கையோடு இறங்கினான். பந்தலில் யாரோ, “சாப்புட்டுப் போ கண்ணு” என்றார்கள். அவனுக்குக் காதில் விழவில்லை.

தெருமுனை திரும்பும்போது பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம். மூச்சிரைக்க வந்து நின்ற வசந்தாமணி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து அவன் கையில் திணித்தாள். சூடாக இருந்தது. கோழிக் குழம்பு வாசம்.

போசியைச் சுற்றி ஒரு நீலத் துணி கட்டியிருந்தாள். ஓரமெல்லாம் கருகியிருந்தது. மடிப்பில், வெளுத்துப்போன ஏழு. அவளுடைய விரல் நுனிகளும் கொப்பளித்திருந்தன.

“அம்மா…” என்றான் ஜெனிஷ்.

வசந்தாமணி ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“கொழம்பு காரம் சாஸ்தி, சாமி. செழியனைத் தயிர் ஊத்திக்கச் சொல்லு.”