திரும்பப் பெறப்பட்ட செல்கள்

ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுவந்த ஜெபக்கனி, கடைசி ஏழு மாதங்களாக ஊசியைத் தொடவில்லை. இறந்துபோன யாரோ ஒருவரின் கணையச் செல்கள் அவள் ஈரலில் அமர்ந்து இன்சுலின் சுரந்தன. அவளுடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைத் தாக்கத் தங்களுக்குள் சேதி அனுப்பத் தொடங்கினால், மருத்துவமனையில் கட்டிவிட்ட மணிக்கட்டுப் பட்டை சிவக்கும். தொற்று அந்த அணுக்களைக் கிளப்பிவிடும், காய்ச்சல்காரர்களை நெருங்கவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

மகள் பிளெஸ்ஸிக்குக் காய்ச்சல் வந்தபோது கணவன் கடலுக்குப் போயிருந்தான். கதவுக்கு வெளியே நின்று, “தண்ணி குடி மக்களே” என்று அரை நாள் கெஞ்சியவள், பிள்ளைக்கு வலிப்பு வந்ததும் உள்ளே ஓடி வாரி எடுத்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. மூன்றாம் நாள் பட்டை சிவந்தது.

மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். “நாளைக்கே வந்திருங்கக்கா. செல்லு உயிரோட இருக்கப்பவே எடுத்து அடுத்தவங்களுக்கு வைக்கணும்.”

“மருந்தக் கூட்டிப் பாக்கக் கூடாதா?”

“எப்படியும் உங்க உடம்பு அழிச்சிரும்னு கம்ப்யூட்டர் சொல்லிட்டு. வீணாக்க விடமாட்டாங்க.”

மறுநாள் மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் ‘காரணம்: நோயாளியின் கவனக்குறைவு’ என்று அச்சாகியிருந்தது. ஜெபக்கனி அதை அடித்துவிட்டு, ‘பிள்ளைக்கு வலிப்பு’ என்று எழுதினாள்.

“அடிச்சா செல்லாதுக்கா” என்று நர்ஸ் அதே வரி அச்சான வேறொரு படிவத்தை நீட்டினாள்.

அந்தச் செல்களுக்காக எதிரே காத்திருந்த பெண், மடியிலிருந்த கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி அந்தக் குழந்தையைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டாள்.