யாரும் தேடாத வார்த்தை

"ஒரு தடவ நேர்ல வந்து வீட்டப் பாத்துரும்மா. போடியிலருந்து அரை மணி நேரந்தான். ஜீப்பு அனுப்புறேன்" என்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார் முத்துக்கண்ணன்.

"போட்டோவே போதும்ண்ணே" என்றாள் பவதாரணி போனில்.

குரங்கணியில் ஏலத்தோட்டத்து வீட்டை வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காக ஒதுக்கியிருந்தார் அவர். அதற்கு வெப்சைட் செய்து தருபவள் அவள். படித்த பிள்ளைக்கு மலையேற உடம்பு வளையவில்லை போல என்று அவருக்குச் சின்ன வருத்தம்.

"ஆளுக நெட்டுல என்ன வார்த்தை போட்டுத் தேடுவாங்களோ, அதை நாம எழுதணும்ண்ணே. 'குரங்கணி மலையேற்றம்', 'ஏலத்தோட்டத்துல தங்க'ன்னு எல்லாரும் போட்டுட்டாங்க. நமக்குன்னு ஒரு வார்த்தை வேணும்."

"தங்க எடம் வேணும்னா நீ என்ன போட்டும்மா தேடுவ?"

"'படி இல்லாத வீடு'ன்னு போடுவேன். நான் சக்கர நாற்காலியில இருக்கேண்ணே. இதுவரைக்கும் தேடுனதுல நம்ம மலையில அப்படி ஒரு வீடுகூட வந்ததில்ல."

முத்துக்கண்ணன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான்கு கல்படிகள்.

"அதையே போட்டுரு தாயி."

"போட்டோவுல படி இருக்கேண்ணே. பொய் எழுதக் கூடாது."

"பத்து நாள் பொறு."

பத்தாம் நாள் அவரே அழைத்தார். "கொத்தனார வச்சுப் படிய எடுத்துட்டுச் சரிவாக்கியாச்சு. குளிக்கிற ரூம்பு வாசலையும் அகலமாக்கியாச்சு. இப்ப எழுதலாமா?"

"எழுதலாம்ண்ணே. மொத ஆளா எங்கம்மா பேரையும் எம்பேரையும் குறிச்சுக்கங்க."